பேர் கேட்பதற்கு முன்பே

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு நான்கு மணி நேரம் தோள் உரசப் பயணம் செய்கிறோம். இறங்கும்போது அவர் யாரோ, நாம் யாரோ. மார்கழி விடியலில் தெருவைச் சுற்றி வரும் பஜனைக் கோஷ்டியோடு முக்கால் மணி நேரம் பாடிவிட்டு வீடு திரும்புகிறவருக்கோ, கூடப் பாடியவர்கள்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்றெல்லாம் அவர் விசாரித்திருக்க மாட்டார். சிலருடைய பேர்கூடத் தெரிந்திருக்காது. தேவாலயத்துப் பாடகர் குழுவிலும், ஊர்வலத்தில் பாடிக்கொண்டே நடக்கும் தொழிலாளர்களிடையேயும் இதையே பார்க்கலாம். பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்றால் பேருந்துப் பயணிகள் எல்லாரும் இந்நேரம் சம்பந்திகள் ஆகியிருக்க வேண்டும். ஒரே நம்பிக்கைதான் காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் தரிசன வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒரே சாமிதான். அங்கே முன்னால் நிற்பவர்மேல் எரிச்சல்தான் வருகிறது. ஆக, பாட்டு தன் பங்குக்கு ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது என்பதைக் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சோதனைகள் வைத்துத் தேடியிருக்கிறார்கள். சேர்ந்து பாடினால் நோய் தீரும், மன அழுத்தம் பறந்துவிடும், ஆயுள் கூடும் என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் வருவது இந்த ஆய்வுகளின் மிகைப்படுத்திய எதிரொலி. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது அதைவிடச் சிறிய செய்தி, ஆனால் அதைவிடச் சுவையானது: சேர்ந்து பாடுவதன் தனிச்சிறப்பு அதன் வேகம். மற்ற வழிகளில் மாதக்கணக்கில் விளையும் நெருக்கம், பாட்டில் முதல் சில அமர்வுகளிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்த ஒரு கருத்தைத்தான் நிறுவப் பார்க்கிறது.

ஏழு வகுப்புகள், ஏழு மாதங்கள்

பிரிட்டனில் தொழிலாளர் கல்விச் சங்கம் என்று ஒரு பழைய அமைப்பு இருக்கிறது. 1903இல் தொடங்கியது. பள்ளி, கல்லூரியை விட்டு வெகுகாலம் ஆன பெரியவர்கள் சேர்ந்து எதையாவது கற்றுக்கொள்ள, வாராந்தர வகுப்புகள் நடத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்லூனெட் பியர்ஸ், ஜாக் லோனே, ராபின் டன்பர் மூவரும் இந்தச் சங்கத்தோடு சேர்ந்து, புதிதாகத் தொடங்கிய ஏழு வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கில் பாட்டு. இரண்டில் கைவினை. ஒன்றில் கதை, கவிதை எழுதும் பயிற்சி. ஏழு மாதங்கள் இவற்றைப் பின்தொடர்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

சோதனை எளிமையானதுதான், ஆனால் அதை அமைத்த விதம் கெட்டிக்காரத்தனமானது. அதற்கு முந்தைய ஆய்வுகள் பலவும், கல்லூரி மாணவர்களை ஓர் அறைக்கு அழைத்துவந்து ஒரு நாள் பாடச் சொல்லி, பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டவை. ஒரு நாள் கூத்தில் யாருக்குத்தான் உற்சாகம் வராது? பாடாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிட்டால், பாட்டு ஜெயித்ததா, ‘ஏதோ ஒன்று செய்தது’ ஜெயித்ததா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இந்த ஏழு வகுப்புகளிலோ எல்லாரும் தாமாக விரும்பி வந்தவர்கள். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எல்லாரும் வாரந்தோறும் ஓர் ஆசிரியரின் முன்னால் கூடி, புதிதாக ஒன்றைக் கற்கிறார்கள். கற்கும் பொருள் மட்டும்தான் வேறு.

நெருக்கத்தை எப்படி அளப்பது? இதற்கு உளவியலாளர்கள் வைத்திருக்கும் கருவி ஒரே ஒரு தாள். அதில் இரண்டு வட்டங்கள் கொண்ட ஏழு படங்கள். ஒரு வட்டம் ‘நான்’, இன்னொன்று ‘என் வகுப்பு’. முதல் படத்தில் இரண்டும் ஒட்டாமல் தள்ளி நிற்கின்றன. அடுத்தடுத்த படங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஏழாவதில் ஏறக்குறைய ஒரே வட்டம் போல ஆகிவிடுகின்றன. ‘இப்போது உங்களுக்கு எது பொருந்துகிறது?’ என்று கேட்டால், உணர்ச்சியை வார்த்தையில் சொல்லத் தயங்குகிறவர்கூட ஒரு படத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார். முதல் மாதம், மூன்றாம் மாதம், ஏழாம் மாதம் என மூன்று கட்டங்களில், ஒவ்வொரு கட்டத்திலும் வகுப்பு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இந்தத் தாளை நீட்டினார்கள்.

முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பாட்டு வகுப்புக்குள் நுழையும்போது தள்ளி நின்ற வட்டங்கள், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நன்றாக நெருங்கியிருந்தன. கைவினை, எழுத்து வகுப்புகளில் அந்த அளவு நகர்வு இல்லை. ஆனால் ஏழாம் மாதத்தில் பார்த்தால் இரு தரப்பும் சமம். நிதானமாக நடந்தவர்கள், முந்தி ஓடியவர்களைப் பிடித்துவிட்டார்கள். கடைசி நாளில் மட்டும் தாளை நீட்டியிருந்தால், ‘பாட்டுக்கும் பின்னல் வேலைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நடுவில் அளந்ததால்தான் இது தெரியவந்தது. முதல் கட்டத்தின் இந்தப் பாய்ச்சலை நாம் ‘கூச்சம் தெளிதல்’ என்று குறித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. கைவினை வகுப்பில் கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் சும்மாதான் இருக்கிறது. ‘இந்த நூல் எங்க வாங்கினீங்க?’ என்று தொடங்கும் பேச்சு, பேத்தியின் கல்யாணம் வரை போகும். அப்படித் துண்டு துண்டாக ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டு நெருங்குகிறார்கள். பாட்டு வகுப்பில் அதற்கு வழியே இல்லை. பாடுகிற வாயால் பேச முடியாது. குறைவாகப் பேசிக்கொண்டவர்கள் சீக்கிரம் நெருங்கியிருக்கிறார்கள்! நெருக்கம் என்பது அறிமுகத்தின் பின்னால் வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டில் அது முந்திக்கொள்கிறது.

பேச்சுக்கு நான்கு பேர்

ஒரு கல்யாண வீட்டில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைக் கவனியுங்கள். மூன்று பேர், நான்கு பேர் வரை ஒரே பேச்சு. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் அது இரண்டு பேச்சாகப் பிரிந்துவிடும். உரையாடல் வட்டம் பொதுவாக நான்கு பேரைத் தாண்டி நிலைப்பதில்லை என்பதை டன்பர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். இப்போது இருபது பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற 19 பேரோடும் தலைக்குப் பத்து நிமிடமாவது தனியாகப் பேசினால்தான் ஓரளவு அறிமுகம் ஆகும் என்று வைத்தால், ஒருவருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வாரம் ஒரு முறை கூடி, இடைவேளையில் பத்து நிமிடம் கிடைக்கிற இடத்தில் அது முடிய நான்கைந்து மாதம் ஆகிவிடும். கைவினை வகுப்புகள் மெல்ல எட்டிப் பிடித்ததில் வியப்பில்லை.

டன்பர் குரங்கினங்களை ஆராய்ந்தவர். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து, உரோமத்தைக் கோதிவிட்டு உறவை வளர்க்கின்றன. அதில் ஒரு நேரத்தில் ஒரு குரங்கைத்தான் கவனிக்க முடியும். கூட்டம் பெருகப் பெருக, இரை தேட நேரம் இல்லாமல் போய்விடும். மனிதக் கூட்டங்கள் அந்த எல்லையைத் தாண்டிப் பெருத்தபோது, பலரை ஒரே நேரத்தில் கட்டிப்போட வேறு வழிகள் தேவைப்பட்டன. சிரிப்பு, ஆட்டம், பாட்டு எல்லாம் அப்படி வந்தவை என்பது அவருடைய வாதம். இது ஒரு கருதுகோள். ஆதி மனிதர்களின் பாட்டு எலும்பைப் போலப் பாறையில் படிந்திருக்கவில்லை. நேரடியாக நிரூபிக்க வழியில்லை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் ஒரு கணிப்பைச் சோதிக்கலாம்: பேச்சைப் போலப் பாட்டுக்கும் ஆள் எண்ணிக்கையில் வரம்பு உண்டா?

லண்டனில் பாப்கொயர் என்ற அமைப்பு பல பேட்டைகளில் சேர்ந்திசைக் குழுக்களை நடத்துகிறது. குரல் தேர்வு கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். பேட்டைக் குழு ஒவ்வொன்றிலும் 20 முதல் 80 பேர் வாரந்தோறும் பாடுகிறார்கள். எல்லாக் குழுக்களும் ஒன்றாகக் கூடும் நாளும் உண்டு. 2016இல் வெளிவந்த ஆய்வில், சிறு குழுவில் பாடும்போதும், 232 பேர் சேர்ந்து பாடும்போதும் ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். நெருக்க உணர்வு இரண்டிலும் கூடியது. ஏற்கெனவே பழகிய சிறு குழுவைவிட, பெரும்பாலும் அந்நியர்களான பெருங்கூட்டத்தில்தான் அதிகமாகக் கூடியது. பேச்சு நான்கு பேரோடு உடைந்துபோகிறது; பாட்டு 232 பேரைத் தாங்குகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றையும் அளந்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, காற்றை ஏற்றிக்கொண்டே போவது. ‘போதும், வலிக்கிறது’ என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்வது. பாட்டைப் பற்றிய ஆய்வில் வலிக்கு என்ன வேலை என்று தோன்றும். மூளை தானே சுரக்கும் வலி நிவாரணி ஒன்று உண்டு. எண்டார்ஃபின் என்று பேர். வலியைத் தணிப்பதோடு, இதமான மிதப்பையும் பக்கத்தில் இருப்பவர்மேல் பிடிப்பையும் தருவது இதுதான் என்று கருதுகிறார்கள். மூளைக்குள் சுரக்கும் எண்டார்ஃபின் இரத்தத்துக்குள் எளிதில் கலப்பதில்லை. ஊசி குத்தி எடுத்த இரத்தத்தில் அதைத் தேடிப் பயனில்லை. எனவே வலி தாங்கும் அளவு கூடியிருந்தால் எண்டார்ஃபின் சுரந்திருக்கிறது என்று மறைமுகமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடிய பிறகு, சிறிய குழுவிலும் பெரிய குழுவிலும், வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. மறைமுக அளவுதான் என்பதை மறக்கக் கூடாது. ‘பாசச் சுரப்பி’ என்று பத்திரிகைகள் கொண்டாடும் ஆக்சிடோசின் விஷயத்தில் நிலைமை இன்னும் குழப்பம்: பாடிய பின் அது கூடியது என்கிறது ஓர் ஆய்வு, குறைந்தது என்கிறது இன்னொன்று. வேதிப்பொருளின் பேரைச் சொல்லி மனித உறவை விளக்கிவிட்டதாக யாராவது மார்தட்டினால், இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவது

வேதியியலை விட்டு இயக்கத்துக்கு வந்தால் தரை கொஞ்சம் உறுதியாக இருக்கிறது. சேர்ந்து பாடுவதற்கு முதலில் வேண்டியது சேர்ந்து மூச்சு விடுவது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை மூச்சு வாங்குகிறோம். பக்கத்தில் இருப்பவரின் மூச்சோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பாடும்போது பாட்டின் அடிதான் மூச்சின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அடி முடியும் இடத்தில் நாற்பது பேரும் ஒரே நொடியில் சட்டென்று காற்றை இழுத்து, பிறகு எட்டு, பத்து நொடிகளுக்கு மெல்ல விடுகிறார்கள்.

இதயம் மூச்சோடு கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது, மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு கடிவாளத்தை இழுக்க, துடிப்பு தணிகிறது. ஸ்வீடனின் யோத்தபொரி நகரில் பியோர்ன் விக்ஹோஃபும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பாடகர்களை மூன்று விதமாகப் பாடச் சொன்னார்கள். அவரவர் விருப்பம்போல மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே சுரத்தை முனகுவது ஒன்று. எல்லாரும் அறிந்த ஒரு துதிப்பாட்டு இரண்டாவது. மெதுவான மந்திரம் போன்ற ஒரு சிறு அடியை, அடிக்கு ஒரு மூச்சு என்று திரும்பத் திரும்பப் பாடுவது மூன்றாவது. பாட்டின் அமைப்பு இறுக இறுக, பாடியவர்களின் இதயத் துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் ஒன்றோடொன்று இசைந்து போயிற்று. ‘பாடகர்களின் இதயங்கள் ஒன்றாகின்றன’ என்று அப்போது தலைப்புச் செய்திகள் வந்தன. அதில் மாயம் ஏதும் இல்லை. இதயங்களை ஒன்றாக்கியது மூச்சு, மூச்சை ஒன்றாக்கியது பாட்டின் அடி. இருந்தாலும் உடம்புக்குள் நடப்பது நடப்பதுதானே.

பலர் ஒரே கணக்கில் அசைவதை ‘ஒத்தியக்கம்’ என்று சொல்வோம். அது மட்டுமே மனிதர்களை மாற்றப் போதுமா? ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் வில்டர்முத், சிப் ஹீத் இருவரும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், மூன்று மூன்று பேராக வளாகத்தைச் சுற்றி நடக்கவிட்டார்கள். சில குழுக்கள் அடியெடுத்து ஒரே கதியில், மற்றவை இஷ்டம்போல. இன்னொரு சோதனையில், கனடாவின் தேசிய கீதத்தைச் செவிப்பொறியில் கேட்டு, கூடவே பாடியபடி கோப்பைகளை நகர்த்த வேண்டும்; சில குழுக்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வேகத்தில் பாட்டு ஓடும்படி வைத்துவிட்டார்கள். பிறகு, எல்லாரும் விட்டுக்கொடுத்தால்தான் எல்லாருக்கும் ஆதாயம் என்ற வகைப் பண விளையாட்டு. ஒத்து இயங்கிய குழுக்களே பொதுப் பணத்தில் அதிகம் போட்டன. ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் செய்தது இன்னும் அழகு. தரையில் விரித்த துணி குளம். அதில் மரத் தவளைகள். ஒரு சாரார் பாட்டும் தாளமுமாகத் தவளைகளை எழுப்ப வேண்டும். இன்னொரு சாராருக்கு அதே விளையாட்டு, பாட்டு மட்டும் கிடையாது. அதன் பிறகு ஒரு பிள்ளையின் குழாயிலிருந்து கோலிகள் சிதறி ஓடும்படி செய்தார்கள். பாடி விளையாடிய பிள்ளைகள்தான் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டாளிக்குக் கோலி பொறுக்க அதிகம் ஓடினார்கள்.

‘கலகலப்பானவர்கள்தானே பாட வருகிறார்கள்?’

இந்த ஆட்சேபம் வலுவானது. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் புட்னம் 1993இல் இத்தாலியின் மாநில அரசுகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், பாடகர் குழுக்களும் கால்பந்துச் சங்கங்களும் மலிந்த பகுதிகளில் அரசு நிர்வாகமும் செம்மையாக நடந்ததைக் காட்டினார். பாட்டு நல்லாட்சியைத் தந்ததா, நல்லாட்சி நடக்கும் ஊரில் மக்களுக்குப் பாட நேரம் கிடைத்ததா? ஒப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. பாடுகிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று வரும் செய்திகளுக்கும் இதே கதிதான். மூச்சு வாங்குகிறவர், படியேற முடியாதவர், யாரோடும் ஒட்டாதவர் முதலிலேயே வருவதில்லை.

தீர்வு, யார் பாடுவது என்பதைக் குலுக்கலிடம் விடுவது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜூலீன் ஜான்சன் தலைமையில் நடந்த ஆய்வு அப்படிப்பட்டது. முதியோர் கூடும் 12 மையங்கள். 60 வயதைக் கடந்த 390 பேர். பல இனத்தவர்கள், பல மொழிக்காரர்கள். குலுக்கலில் பாதி மையங்களில் உடனே வாராந்தரச் சேர்ந்திசை தொடங்கியது, மீதி மையங்கள் ஆறு மாதம் காத்திருந்தன. 2018இல் வெளியான முடிவு இரண்டு பக்கமும் வெட்டியது. பாடியவர்களிடம் தனிமையுணர்வு குறைந்தது, வாழ்க்கையில் நாட்டம் கூடியது. ஆனால் அறிவுக்கூர்மையிலும் உடல் வலிமையிலும் காத்திருந்தவர்களைவிட முன்னேற்றம் இல்லை. மருத்துவச் செலவும் குறையவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 258 முதியவர்களை வைத்து, பதினான்கு வாரப் பாட்டு வகுப்புகளோடு நடந்த குலுக்கல் ஆய்விலும் (2015) பலன் மன நலத்தின் பக்கம்தான் தெரிந்தது. பாட்டு முழங்கால் வலிக்கு மருந்து என்று விற்க வருகிறவர்களுக்கு இவை வசதியான முடிவுகள் அல்ல. எனக்கோ, முழங்காலில் ஒன்றும் தெரியாதது இந்த ஆய்வுகளின்மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது. வெறும் உற்சாகத்தில் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று முதியவர்கள் சொல்லியிருந்தால், எல்லாக் கட்டத்திலும் மதிப்பெண் ஏறியிருக்கும்.

அடுத்த ஆட்சேபம்: கூடுவதுதான் மருந்து, பாட்டு வெறும் சாக்கு. இதில் பாதி உண்மை. ஆக்ஸ்ஃபோர்டுக் குழுவினரே தங்கள் ஏழு வகுப்புகளில் உடல், மன நலத்தைத் தனியாக அளந்து, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். பாட்டு வகுப்பிலும் மற்ற வகுப்புகளிலும் முன்னேற்றம் ஒன்றுபோலவே இருந்தது. அதோடு, வகுப்பில் ஓரிருவரோடு நட்பானதைவிட, வகுப்பு முழுவதையும் ‘நம்ம கூட்டம்’ என்று உணர்ந்ததுதான் அந்த முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. நலம் கூட்டத்திலிருந்து வருகிறது என்றால், அந்தக் கூட்ட உணர்வுக்கு மிகக் குறுக்கான வழி எது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் பாட்டு பதில். பின்னல் வேலையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்றாவது வாரமே நின்றுவிடாதவர்களை.

‘எனக்குக் குரல் இல்லை’

சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்றே புலப்படாத பிறவிக் குறைபாடு உண்மையிலேயே உண்டு. கனடாவில் இசபெல் பெரெட்ஸ் பல்லாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். அவருடைய 2017 கணக்கின்படி நூறு பேரில் ஒன்றரைப் பேருக்கு அது இருக்கிறது. குரல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களோ அதைப் போலப் பல மடங்கு. அவர்களுக்குக் காது இருக்கிறது, பழக்கம் இல்லை.

சேர்ந்திசையின் ஒலியியலே இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒரே சுரத்தை முப்பது பேர் பாடும்போது யாரும் மிகச் சரியாக அதே இடத்தில் நிற்பதில்லை. ஒருவர் மயிரிழை மேலே, ஒருவர் மயிரிழை கீழே. இந்தச் சிறு விலகல்கள் கலந்துதான் கூட்டுக் குரலுக்கே உரிய அந்த அகன்ற, திரண்ட நாதம் பிறக்கிறது. ஸ்டாக்ஹோமில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தன் குரல் மற்றவர்களுடையதைவிட எவ்வளவு உரக்கக் காதில் விழ வேண்டும் என்று பாடகர்களையே கேட்டபோது, சராசரியாக 6 டெசிபல் கூடுதலாக இருந்தால் சுகம் என்றார்கள். தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவுக்குத் தன் குரலும் கேட்க வேண்டும், ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அடுத்தவர் குரலும் கேட்க வேண்டும். பக்கத்துக் குரல் அமுக்கிவிட்டால் தன்னையறியாமல் கத்தத் தொடங்குவார்கள். நல்ல குழுத் தலைவர் ஆட்களை ஓரடி தள்ளி நிற்கவைப்பது இதனால்தான்.

ஒன்றாக மூச்சு விடுவதன் விலை

2020 மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு வழக்கமான மாலைப் பயிற்சிக்குக் கூடியது. இரண்டரை மணி நேரம். வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்குக் கொரோனா. சோதனையில் உறுதியானவர்கள் 33, அறிகுறிகளை வைத்துக் கணித்தவர்கள் 20. இருவர் இறந்துபோனார்கள். ஆழ்ந்து இழுத்து நீளமாக விடும் அந்த மூச்சு, உறவை மட்டும் சுமந்து செல்வதில்லை.

கிருமியைவிட நுட்பமான ஆபத்தும் உண்டு. வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல், 1941இல் படைக்குச் சேர்க்கப்பட்டு டெக்சாஸ் வெயிலில் அடியெடுத்து நடந்தபோது தனக்குள் பொங்கிய இனம்புரியாத பூரிப்பை அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆராய்ந்து, 1995இல் ஒரு நூலே எழுதினார். படைகளையும் மதக் கூட்டங்களையும் கட்டியது இந்தத் தசைப் பிணைப்புதான் என்றார் அவர். விட்டுக்கொடுத்தலை அளந்த அதே வில்டர்முத் பின்னர் செய்த சோதனையில், ஆய்வாளரோடு ஒரே கதியில் நடந்தவர்கள், அவர் சொன்னதற்காகப் பூச்சிகளைக் கொல்ல மற்றவர்களைவிட எளிதில் சம்மதித்தார்கள். எஸ்தோனியாவில் 1988 கோடையில் தாலின் நகரின் பாட்டு மைதானத்தில் இரவிரவாகப் பாடிய மக்கள், துப்பாக்கியின்றி சோவியத் பிடியிலிருந்து விடுபடும் துணிவைப் பாட்டிலிருந்து பெற்றார்கள். நாஜிகளின் பேரணிகளிலும் பாட்டு இருந்தது. சேர்ந்து பாடுவது மனிதர்களை நல்லவர்களாக்கும் என்று இந்த ஆய்வுகள் எங்கும் சொல்லவில்லை. கூடப் பாடுகிறவர்களை ‘நாம்’ ஆக்கும், அதுவும் சீக்கிரமாக. வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆகையால் யாரை உள்ளே விடுகிறோம் என்பது சுருதியைவிடப் பெரிய கேள்வி. நம் ஊரில் சேர்ந்து பாடும் பழக்கத்துக்குக் குறைவில்லை. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் இருந்தன. பஜனையும் பாடகர் குழுவும் இருக்கின்றன. பெரும்பாலும் இவை ஏற்கெனவே ஒன்றாக இருப்பவர்களை இன்னும் இறுக்குபவை: ஒரே தொழில், ஒரே தெரு, ஒரே சபை. அந்நியர்களை ஒன்றுசேர்க்கும் பாட்டுக்கு இங்கே முன்மாதிரிகள் குறைவு. திரையிசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் அவற்றில் ஒன்று. பாரதி பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் சேர்ந்திசையாக்கிப் பாடிய அந்தக் குழு, 1988இல் அவர் மறைந்த பிறகும் தொடர்ந்தது. ஏழு வகுப்பு ஆய்வின் கண்ணோடு பார்த்தால், மேடைக் கச்சேரியைவிட அதன் பயிற்சி நாட்களில்தான் நமக்குக் கற்க நிறைய இருக்கும் என்று தோன்றுகிறது.

அவசரக்காரர்களுக்கு

ஏழாம் மாதத்தில் எல்லாரும் சமம்தானே, முதல் மாத வேகத்தால் என்ன லாபம் என்று ஒருவர் கேட்கலாம். ஏழு மாதம் காத்திருக்க முடிகிறவருக்கு ஒன்றும் இல்லைதான். குழந்தை பெற்ற சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்த தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏழு மாதம் என்பது குழந்தை உட்காரப் பழகி, தவழத் தொடங்கும் காலம். டெய்ஸி ஃபேன்கோர்ட், ரோஸி பெர்க்கின்ஸ் இருவரும் லண்டனில் 134 தாய்மார்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம், கைக்குழந்தையோடு வந்து வட்டமாக உட்கார்ந்து பாடும் வகுப்பு. இன்னொன்றுக்கு அதே போலக் கைக்குழந்தையோடு விளையாட்டு வகுப்பு. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2018இல் வெளியான முடிவு, நாம் முன்பே பார்த்த முடிவின் அச்சு: பத்தாம் வாரத்தில் மூன்று பிரிவினரும் தேறியிருந்தார்கள். ஆனால் சோர்வு கடுமையாக இருந்த தாய்மார்களில், பாடியவர்கள் முதல் ஆறு வாரங்களுக்குள்ளேயே மற்றவர்களைவிட விரைவாகத் தேறிவிட்டார்கள்.

இந்த முறையை உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியக் கிளை பிறகு டென்மார்க், இத்தாலி, ருமேனியா நாடுகளில் நடத்திப் பார்த்தது. அந்தந்த ஊருக்கு ஏற்றபடி வகுப்புகளை மாற்றிக்கொள்ள விட்டார்கள். எவ்வளவு மாற்றினாலும் மாறாத நிபந்தனைகள் சில: பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குழந்தை அழுதால் அழட்டும், பாட்டு நிற்காது.